உடல் இம்பீடன்ஸ் அளக்கும் சுற்று: மலையக மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் தொழினுட்பவியல் பிரிவில் படிக்கும் பிள்ளைகளும் பல்கலைக்கழக இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்பவர்களும் இப்போது இந்தச் சுற்றை அதிகம் கட்டுகிறார்கள். உடலின் நீர்ச்சத்தையும் தசையின் அளவையும் ஊசி குத்தாமல் மதிப்பிடலாம் என்பது நல்ல ஆசைதான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் தோட்டத்துறைக் குழந்தைகளில் ஏறத்தாழ 32 வீதமானவர்கள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதற்குமான அளவு 17 வீதம். இந்த இடைவெளியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஊட்டத்தை அளக்க ஒரு கருவி செய்ய நினைப்பது இயல்பு. ஆனால் இது மனித உடம்புக்குள் மின்சாரம் விடும் வேலை. அதனால் கேள்விகளுக்கான பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடல் இம்பீடன்ஸ் என்றால் எதை அளக்கிறோம்?

உடம்பில் உப்பு கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். கொழுப்பும் எலும்பும் நன்றாகக் கடத்தாது. கலங்களின் மென்சவ்வு கொள்ளளவி (மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) போல நடக்கும். ஆகவே ஆடலோட்டம் (திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம்) ஒன்றை உடம்புக்குள் விட்டால் தடையும் அவத்தை மாற்றமும் (மின்னோட்ட அலைக்கும் வோல்ற்றளவு அலைக்கும் நடுவிலுள்ள முன்பின் விலகல்) சேர்ந்தே கிடைக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் இம்பீடன்ஸ். வலது கையிலிருந்து வலது கால் வரை 50 கிலோஹேர்ட்ஸில் அளந்தால் வளர்ந்த ஒருவருக்குப் பெரும்பாலும் 400 முதல் 600 ஓம் வரை வரும். மெலிந்த உடம்பில் இன்னும் கூடும். அவத்தைக் கோணம் சாதாரணமாக 5 முதல் 7 பாகை. இந்தச் சிறிய கோணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இதனால்தான் வருகிறது.

ஏன் எல்லோரும் 50 கிலோஹேர்ட்ஸ் எடுக்கிறார்கள்?

மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அலை என்ற எண்) குறைவாக இருக்கும்போது மின்னோட்டம் கலங்களைச் சுற்றியுள்ள நீரில்தான் ஓடும். கூடும்போது மென்சவ்வைக் கடந்து கலத்துக்குள்ளும் போகும். 50 கிலோஹேர்ட்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பல பத்தாண்டுகளாக வெளியான சமன்பாடுகளும் இந்த மீடிறனில் எடுத்த அளவுகளை வைத்தே எழுதப்பட்டவை. இன்னொரு காரணம் பாதுகாப்பு. 50 ஹேர்ட்ஸில் நரம்பும் தசையும் உணரும் மின்னோட்டத்தைவிடப் பல மடங்கு கூடினால்தான் 50 கிலோஹேர்ட்ஸில் உணரும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் மனித உடம்புக்கு மிகவும் பொல்லாத மீடிறன்களில் ஒன்று.

எவ்வளவு மின்னோட்டம் விடலாம்?

மருத்துவ மின்கருவிகளுக்கான அனைத்துலக நியமம் ஐஇசி 60601-1. அளவீட்டுக்காக உடம்பில் விடும் மின்னோட்டத்துக்கு அது எல்லை போட்டிருக்கிறது. இதயத்தை நேரடியாகத் தொடாத, தோலில் ஒட்டும் பிஎஃப் வகைக் கருவிக்கு நேரோட்டம் (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) 10 மைக்ரோஅம்பியர். ஆடலோட்டம் 100 மைக்ரோஅம்பியர். ஏதாவது ஒரு பாகம் பழுதான நிலையிலும் நேரோட்டம் 50ஐயும் ஆடலோட்டம் 500ஐயும் தாண்டக் கூடாது.

இந்த 100 என்ற எண் 1 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும்தான். அதற்கு மேலே மீடிறன் ஏற ஏற எல்லையும் அதே விகிதத்தில் ஏறும். நியமம் சொல்லும் அளவீட்டுச் சுற்றில் 10 கிலோஓம், 0.015 மைக்ரோபரட், 1 கிலோஓம் என்று மூன்று பாகங்கள் உண்டு. அந்தச் சுற்றே இந்தக் கணக்கைச் செய்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் 50 கிலோஹேர்ட்ஸில் 5 மில்லிஅம்பியர் வரை போகலாம். மீடிறன் எதுவானாலும் 10 மில்லிஅம்பியரைத் தாண்டவே கூடாது. ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காக அவ்வளவையும் எடுக்க வேண்டியதில்லை. சந்தையில் உள்ள கருவிகள் பெரும்பாலும் 1 மில்லிஅம்பியருக்குக் கீழேயே வேலை செய்கின்றன. மாணவர் சுற்றுக்கு 0.1 முதல் 0.2 மில்லிஅம்பியர் தாராளம்.

பல மீடிறன்களில் அளக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 50 கிலோஹேர்ட்ஸில் சரியான 0.5 மில்லிஅம்பியர், 1 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்கியதும் எல்லையைப் போல ஐந்து மடங்கு.

"சேர், சின்ன பற்றரிதானே, அதில் என்ன ஆபத்து?"

ஆபத்து நேரோட்டத்தில் இருக்கிறது. வறண்ட தோலை விரலால் தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஈ.சி.ஜி. மின்வாயில் (தோலில் ஒட்டி மின்னோட்டத்தைக் கடத்தும் ஒட்டி) உப்புப் பசை இருக்கிறது. அது தோலின் தடையைச் சில நூறு ஓம் அல்லது ஓரிரு கிலோஓம் அளவுக்கு இறக்கிவிடும். அதன் வழியே தொடர்ந்து நேரோட்டம் ஓடினால் மின்பகுப்பு நடக்கும். எதிர் மின்வாயின் கீழே காரம் சேர்ந்து தோலைச் சுடும். முதலில் வலிக்காது, பிறகுதான் சிவந்து புண்ணாகும். பற்றரி வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் நேரோட்டத்தை மறந்துவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

அப்படியானால் பாதுகாப்பை எங்கே வைப்பது?

கையால் தொட்டுக் காட்டக்கூடிய பாகத்தில் வையுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான். மைக்ரோகொன்ட்ரோலரின் நிரலில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது பாதுகாப்பு ஆகாது. நிரல் நின்றுபோகும், சிப் எரியும், வெளியீடு பற்றரி வோல்ற்றளவில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்திலும் தடையி தடையியாகவே இருக்கும், கொள்ளளவி நேரோட்டத்தை மறித்துக்கொண்டே இருக்கும்.

நான் சிபாரிசு செய்யும் சுற்று இது. சிப்புகளுக்கு 3.3 வோல்ற்று. நடு வோல்ற்றளவு 1.65. அதைச் சுற்றி 1 வோல்ற்று உச்சமுள்ள 50 கிலோஹேர்ட்ஸ் சைன் அலை. அலை பிறப்பாக்கியிலிருந்து உடம்புக்குப் போகும் கம்பியில் 2.2 கிலோஓம் தடையியும் 10 நனோபரட் கொள்ளளவியும் தொடராக. உடம்பிலிருந்து திரும்பி வரும் கம்பியிலும் அதே சோடி. அதன் பிறகு 100 ஓம் அளவீட்டுத் தடையி, பின்னர் நடு வோல்ற்றளவு.

கணக்குப் பாருங்கள். உடம்பு 500 ஓம் என்றால் மொத்தத் தடை 5 கிலோஓம். 50 கிலோஹேர்ட்ஸில் ஒவ்வொரு கொள்ளளவியும் 318 ஓம்தான், அது கணக்கை அதிகம் மாற்றாது. மின்னோட்டம் ஆர்எம்எஸ் அளவில் (உச்சத்தின் 0.707 மடங்கு) ஏறத்தாழ 0.14 மில்லிஅம்பியர். இனி ஒவ்வொரு பாகமாகப் பழுதாக்கிப் பார்ப்போம். பிறப்பாக்கி 3.3 வோல்ற்றில் ஒட்டிக்கொண்டால் கொள்ளளவிகள் மறிக்கும், நேரோட்டம் ஓடாது. ஒரு கொள்ளளவி குறுக்குச்சுற்றாகிவிட்டால் மற்றக் கம்பியிலுள்ளது மறிக்கும். ஒரு தடையி குறுக்குச்சுற்றானாலும் மற்றது இருக்கிறது. நிரல் தவறி மீடிறன் 1 கிலோஹேர்ட்ஸுக்கு விழுந்தால்? அங்கே ஒவ்வொரு கொள்ளளவியும் 16 கிலோஓம் ஆகிவிடும், மின்னோட்டம் தானாகவே 22 மைக்ரோஅம்பியருக்கு இறங்கும். சைன் அலை கெட்டு முழு உயரச் சதுர அலையாக வந்தாலும் நியமத்தின் அளவீட்டுச் சுற்றில் 50 மைக்ரோஅம்பியருக்குக் கீழேயே நிற்கும். மீடிறன் குறையும்போது நியமத்தின் எல்லை இறங்குகிற அதே திசையில் கொள்ளளவியும் மின்னோட்டத்தை இறக்குகிறது. இவ்வளவு மலிவான பாகம் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வதால்தான் இந்த வடிவத்தை நான் விரும்புகிறேன்.

வோல்ற்றளவை அளக்கும் இரண்டு கம்பிகளையும் மறக்காதீர்கள். அவையும் உடம்பைத் தொடுகின்றன. விரியலாக்கி (சிறிய வோல்ற்றளவைப் பெரிதாக்கும் சிப்) உள்ளே பழுதானால் அந்தக் கம்பிகளில் பற்றரி வோல்ற்றளவு வந்து நிற்கலாம். அங்கேயும் ஒவ்வொன்றிலும் 10 நனோபரட்டும் 1 கிலோஓமும் வையுங்கள். கொள்ளளவிக்குப் பிறகு 1 மெகாஓம் தடையியால் நடு வோல்ற்றளவோடு இணையுங்கள். அது இல்லாவிட்டால் விரியலாக்கியின் உள்ளீடு மிதந்துபோய் ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அந்த 1 கிலோஓமை 10 கிலோஓம் ஆக்கினால் இன்னும் பாதுகாப்புத்தானே?

பாதுகாப்பு கூடும், அளவு கெடும். விரியலாக்கியின் உள்ளீட்டிலும் போர்டிலும் 10 பிக்கோபரட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 கிலோஓமோடு அது சேர்ந்தால் 50 கிலோஹேர்ட்ஸில் 1.8 பாகை அவத்தைப் பிழை வரும். நாம் தேடும் கோணமே 5 முதல் 7 பாகைதான். 1 கிலோஓம் என்றால் பிழை 0.18 பாகை. நேரோட்டத்தைக் கொள்ளளவி ஏற்கெனவே மறிப்பதால் தடையியைப் பெரிதாக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டு மின்வாய் போதாதா? நான்கு எதற்கு?

இரண்டு மின்வாய் போட்டால் உடம்போடு சேர்த்துத் தோலின் தடையையும் அளக்கிறீர்கள். உடம்பு 500 ஓம், தோல் தொடர்பு ஒவ்வொன்றும் சில நூறு ஓம் முதல் ஆயிரத்துக்கு மேல். அதுவும் பசை காயக் காய மாறிக்கொண்டே இருக்கும். நான்கு போட்டால் மின்னோட்டம் வெளி இரண்டில் போகும், உள் இரண்டில் வோல்ற்றளவை மட்டும் படிப்போம். உள் மின்வாய்களில் மின்னோட்டம் ஓடாததால் அங்கே தோலின் தடை அளவுக்குள் வராது. கையில் ஒன்று விரல் மூட்டுகளுக்குப் பக்கத்தில், மற்றது மணிக்கட்டில். காலிலும் அப்படியே, ஒன்று விரல்களின் அடிப்பக்கம், மற்றது கணுக்காலில். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 5 சென்ரிமீற்றர்.

ஹவ்லண்ட் மின்னோட்ட முதல் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். பிரட்ஃபர்ட் ஹவ்லண்டின் பெயரில் வழங்கும் அந்தச் சுற்று ஒரு ஒப்அம்ப்பையும் (ஒரு வகை விரியலாக்கிச் சிப்) சில தடையிகளையும் கொண்டு மாறாத மின்னோட்டம் தரும். இறுதியாண்டு அறிக்கைகளில் பலர் போடுவது இதைத்தான். ஆனால் மூன்று இடங்களில் அது மாணவரைச் சோதிக்கும்.

முதலாவது, தடையிகளின் விகிதங்கள் பொருந்த வேண்டும். 10 கிலோஓம் தடையிகள் 1 வீதப் பிழையுள்ளவை என்றால் மிக மோசமான நிலையில் அதன் வெளியீட்டுத் தடை 250 கிலோஓமுக்கு இறங்கிவிடும். 0.1 வீதம் எடுத்தால் 2.5 மெகாஓம். தாளில் இது அழகாக இருக்கும். ஆனால் கம்பி ஒரு மீற்றர் நீளமுள்ள ஆர்ஜி-174 கவசக் கம்பி என்றால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 100 பிக்கோபரட். 50 கிலோஹேர்ட்ஸில் அது 32 கிலோஓம். விலை கொடுத்து வாங்கிய 2.5 மெகாஓம் அதோடு அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது, அது நேர்ப் பின்னூட்டலும் மறைப் பின்னூட்டலும் சேர்ந்த சுற்று. உடம்பு இணைந்திருக்கும்போது மறைப் பின்னூட்டல் வெல்லும். மின்வாய் ஒன்று கழன்றால் இரண்டும் ஏறத்தாழச் சமமாகி அலைவு தொடங்கலாம். மறைப் பின்னூட்டல் தடையிக்குச் சமாந்தரமாகச் சில பிக்கோபரட் வைப்பது உதவும்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பாதுகாப்புக்காக வெளியீட்டில் தொடராகக் கொள்ளளவி போட்டவுடன் நேரோட்டத்துக்குப் போக வழி இல்லாமல் போகிறது. ஒப்அம்ப்பின் மிகச் சிறிய உள்ளீட்டுப் பிழைகூடச் சேர்ந்து சேர்ந்து வெளியீட்டை ஒரு பக்கம் ஒட்டவைத்துவிடும். கொள்ளளவிக்கு முன்னால் 100 கிலோஓம் தடையி ஒன்றைத் தரையோடு இணைத்தால் வழி கிடைக்கும், பதிலுக்கு வெளியீட்டுத் தடை 100 கிலோஓமுக்குக் கீழே வந்துவிடும்.

என் கருத்து: மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கப் பாடுபடுவதைவிட, ஓடுகிற மின்னோட்டத்தை அளந்துவிடுவது நல்லது. மேலே சொன்ன 100 ஓம் தடையி அதற்காகத்தான். உடம்பின் வோல்ற்றளவை அந்தத் தடையியின் வோல்ற்றளவால் வகுத்து 100ஆல் பெருக்கினால் இம்பீடன்ஸ். பற்றரி இறங்கினாலும் சைன் அலையின் உயரம் மாறினாலும் இரண்டும் ஒரே அளவாக மாறுவதால் விகிதம் அசையாது. ஒரே விரியலாக்கியையும் ஒரே ஏடிசியையும் (வோல்ற்றளவை எண்ணாக மாற்றும் பாகம்) மாற்றி மாற்றி இரண்டுக்கும் பயன்படுத்தினால் அவற்றின் பிழையும் பெரும்பாலும் கழன்றுவிடும்.

ஏடி5933 போர்ட் ஒன்லைனில் கிடைக்கிறது. அதை நேரே மின்வாயில் இணைக்கலாமா?

வேண்டாம். இதைத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஏடி5933 இம்பீடன்ஸ் அளக்கும் சிப், நல்ல சிப். 100 கிலோஹேர்ட்ஸ் வரை அலை உண்டாக்கும், 12 பிட் ஏடிசியால் 1024 மாதிரிகள் எடுத்து மெய், கற்பனைப் பகுதிகளைத் தானே கணக்கிட்டுத் தரும். ஆனால் அது இரண்டு முனைக் கருவி, உடம்புக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. 3.3 வோல்ற்றில் இயக்கி மிகச் சிறிய வெளியீட்டு வீச்சைத் தெரிவு செய்தால் அலையின் உயரம் 0.2 வோல்ற்றளவில் இருக்கும். ஆனால் அதன் நேரோட்டப் பகுதி 0.17 வோல்ற்றில் நிற்கும், உள்ளீட்டு முனையோ 1.65 வோல்ற்றில். நடுவிலே 1.4 வோல்ற்றுக்கு மேல் நேரோட்ட வேறுபாடு. பசையோடு சேர்த்து மொத்தம் 2 கிலோஓம் என்றால் 0.7 மில்லிஅம்பியர் நேரோட்டம் உடம்பில் ஓடும். எல்லை 0.01. "சின்ன வீச்சைத்தான் எடுத்தேன், அதனால் பாதுகாப்பு" என்று நினைத்தவருக்கு உண்மையில் கிடைப்பது எல்லாவற்றிலும் பெரிய நேரோட்டம்.

அதை அலை பிறப்பாக்கவும் கணக்குப் பார்க்கவும் மட்டும் பயன்படுத்தி, முன்னே பின்னே கொள்ளளவிகளும் நான்கு மின்வாய்ச் சுற்றும் போட்டால் வேலை செய்யும். இன்னொரு வழி, உடம்புக்கென்றே செய்த ஏஎஃப்இ4300, மேக்ஸ்30009 போன்ற சிப்புகளை எடுப்பது. அவற்றின் தரவுத்தாளிலுள்ள சுற்றில் காட்டியிருக்கும் கொள்ளளவிகளையும் தடையிகளையும் ஒன்றுவிடாமல் போட வேண்டும்.

அளக்கும்போது லப்டொப்பில் யுஎஸ்பி குத்திக்கொள்ளலாமா?

லப்டொப் சார்ஜரில் இருக்கும்போது கூடவே கூடாது. சார்ஜருக்குள் மின்பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே சிறிய கொள்ளளவி ஒன்று இருக்கும். அது 2.2 நனோபரட் என்றால் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸில் 160 மைக்ரோஅம்பியர் வரை கசியலாம். லப்டொப்பின் உலோகப் பகுதியைத் தடவும்போது விரலில் சுரசுரப்பதை உணர்ந்திருப்பீர்கள், அது இதுதான். உங்கள் சுற்றை எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் யுஎஸ்பி கம்பி ஒன்று அதை வீட்டு மின்சாரத்தோடு சேர்த்துவிடும். அங்கே கொள்ளளவிகளை நம்பி நிற்க முடியாது. 10 நனோபரட் 50 ஹேர்ட்ஸில் 318 கிலோஓம், சார்ஜர் பழுதாகி முழு 230 வோல்ற்றும் வந்தால் ஒரு கம்பியிலேயே 0.7 மில்லிஅம்பியர் போகும்.

மலையகத்தில் இதை இன்னும் கடுமையாகப் பிடிக்க வேண்டும். பழைய லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எர்த் கம்பி சரியாக இருப்பதாக எண்ணிவிட முடியாது. ஒரு காம்பிராவிலிருந்து (லயத்தின் ஒரு வீடு) அடுத்த காம்பிராவுக்கு இழுத்த வயர்களும் உண்டு. ஆகவே சுற்று பற்றரியில் மட்டும் ஓட வேண்டும், தரவு புளூடூத்தில் போக வேண்டும். பற்றரியைச் சார்ஜ் பண்ணும் துளையையும் மின்வாய்த் துளையையும் ஒரே நேரத்தில் குத்த முடியாதபடி பெட்டியைச் செய்யுங்கள். கம்பியே வேண்டுமென்றால் ஏடியுஎம்4160 போன்ற யுஎஸ்பி பிரிப்பி நடுவில் வேண்டும். போர்டில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே 8 மில்லிமீற்றர் இடைவெளியும் விட வேண்டும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் மலையில் வழக்கம். முழக்கம் கேட்டால் கம்பி எதையும் உடம்பில் வைக்காதீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, ஃபியூஸும் போட்டிருக்கிறோம். அது காப்பாற்றாதா?

காப்பாற்றாது. வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியரில் விழும், ஃபியூஸ் அதைவிடப் பெரிது. நாம் பேசுவது மைக்ரோஅம்பியர்.

உயரமான இடத்தில் கட்டினால் இடைவெளிகளை மாற்ற வேண்டுமா?

காற்று ஐதாகும்போது மின்பொறி எளிதில் தாவும். அதனால் பொதுவான மின்கருவி நியமங்கள் 2000 மீற்றர் உயரம் வரைக்கும் தங்கள் இடைவெளிகளைச் சொல்கின்றன. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1868 மீற்றர், எல்லைக்குள்தான். ஓட்டன் சமவெளி 2000ஐத் தாண்டும்.

ஒரே ஆளை மூன்று தடவை அளந்தால் மூன்று எண் வருகிறது. ஏன்?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலும் குற்றவாளி மின்வாய்த் தொடர்புதான்.

திரும்பும் பக்க மின்வாயின் தொடர்பு 1 கிலோஓம் என்று வைப்போம். 0.14 மில்லிஅம்பியர் அதன் வழியே போகும்போது உடம்பு முழுவதும் 140 மில்லிவோல்ற்று மேலே ஏறி நிற்கும். கம்பியிலுள்ள 2.2 கிலோஓம் அதை இன்னும் உயர்த்தும். நாம் அளக்க விரும்புவது உள் மின்வாய்களுக்கு நடுவிலுள்ள 70 மில்லிவோல்ற்றை. இரண்டு உள்ளீட்டிலும் பொதுவாக வரும் அந்தப் பெரிய வோல்ற்றளவை விரியலாக்கி தள்ளுபடி செய்ய வேண்டும். தரவுத்தாளின் முதல் பக்கத்தில் 120 டெசிபெல் என்று போட்டிருப்பார்கள், அது மிகக் குறைந்த மீடிறனில். 50 கிலோஹேர்ட்ஸில் எவ்வளவு என்று உள்ளே இருக்கும் வளைகோட்டைப் பாருங்கள். அது 40 டெசிபெலுக்கு இறங்கியிருந்தால் (நூறில் ஒரு பங்கு உள்ளே வரும்) அந்த 1 கிலோஓம் மட்டுமே 1.4 மில்லிவோல்ற்றுப் பிழையைத் தரும், அதாவது 500 ஓமில் 10 ஓம். பசை காயும்போது அந்த 10 ஓம் ஊர்ந்துகொண்டே போகும். மருந்து இரண்டு: 50 கிலோஹேர்ட்ஸிலும் நல்ல தள்ளுபடி உள்ள விரியலாக்கியை எடுப்பது, அல்லது உடம்பை இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிர் அவத்தையில் சமனாக இயக்கி நடு வோல்ற்றளவை அசையாமல் வைப்பது. இரண்டாவது எனக்குப் பிடித்தது. கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் பிழை பிறக்கும் இடத்திலேயே அடங்குகிறது.

அடுத்தது கம்பி. நான்கு கம்பிகளையும் சேர்த்து முறுக்கினால் மின்னோட்டக் கம்பியிலிருந்து வோல்ற்றளவுக் கம்பிக்குள் அலை புகும். சோடியாகப் பிரித்து, ஆளுக்கு ஆள் ஒரே மாதிரிப் போகவிடுங்கள். கவசக் கம்பியின் கவசத்தைச் சமிக்ஞையோடேயே இயக்கினால் கொள்ளளவின் விளைவு குறையும். ஆனால் அந்த ஒப்அம்ப்பின் வெளியீட்டில் 50 முதல் 100 ஓம் தொடராக வைக்காவிட்டால் கவசமே அலைவு போடத் தொடங்கும்.

பிறகு வெப்பநிலை. ஜனவரியில் நுவரெலியாவில் விடியற்காலை 10 பாகைக்குக் கீழே, மத்தியானம் 20ஐ எட்டும். 100 ஓம் தடையி சாதாரணக் காபன் வகை என்றால் பாகைக்கு மில்லியனில் சில நூறு பங்கு மாறும். 350 என்று எடுத்தால் 10 பாகைக்கே 500 ஓமில் 1.75 ஓம் போய்விடுகிறது. 25 பங்குள்ள உலோகப் படலத் தடையி இதை 0.13 ஓமுக்குக் கொண்டுவரும். இந்த ஒரு தடையிக்குக் காசு செலவழியுங்கள், மற்றவை சாதாரணமாக இருக்கலாம். கொள்ளளவிகளில் சீஓஜி வகை பீங்கான் அல்லது 103 (10 நனோபரட்டின் குறி) என்று அச்சிட்ட படல வகை. மலிவான ஒய்5வி பீங்கான் குளிரிலும் சூட்டிலும் தன் பெறுமானத்தில் பெரும்பகுதியை இழக்கும்.

கடைசியாக மூடுபனி. தென்மேல் பருவ மாதங்களில் மலையின் மேற்குப் பக்கத்தில் எல்லாப் பொருளும் ஈரம் பிடிக்கும். ஈயம் வைத்த பிறகு போர்டில் மிஞ்சும் பிசின் அந்த ஈரத்தை உறிஞ்சி, 1 மெகாஓம் தடையிகளுக்குப் பக்கத்தில் களவாக ஒரு பாதை போட்டுவிடும். ஐசோபுரோப்பைல் அற்ககோலால் போர்டைக் கழுவிக் காயவைத்து, காப்புப் பூச்சு ஒன்று பூசுங்கள்.

ஆளில் வைப்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

டம்மி உடம்பு ஒன்று கட்டுங்கள். 560 ஓம் தடையிக்குச் சமாந்தரமாக, தொடரிலுள்ள 1.5 கிலோஓமும் 2.2 நனோபரட்டும். 50 கிலோஹேர்ட்ஸில் இதன் பெறுமானம் 464 ஓம், அவத்தை 9 பாகை. உங்கள் சுற்று இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பிறகு நான்கு முனைகளிலும் தோலுக்குப் பதிலாகத் தடையிகள் வையுங்கள், வேண்டுமென்றே சமனில்லாமல்: 220, 470, 1000, 1500 ஓம். அவற்றை இடம் மாற்றி மாற்றி அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விடை 1 ஓமுக்குள் நின்றால் சுற்று நல்ல சுற்று. ஆடினால் மேலே சொன்ன தள்ளுபடிப் பிரச்சினை.

அதற்குப் பிறகு அழிவுச் சோதனை. மின்வாய் முனைகளைத் திறந்து விடுங்கள், குறுக்குச்சுற்றாக்குங்கள், 100 நனோபரட் கொள்ளளவியை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அலைவுகாட்டியில் அலைவு வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பாதுகாப்புக் கொள்ளளவியையும் கம்பியால் குறுக்கிணைத்து, 1 கிலோஓம் தடையி வழியே ஓடும் நேரோட்டத்தை அளவிடுங்கள். இவை எல்லாம் எழுத்தில் இல்லாத சுற்றை மனிதர்மேல் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கொழுந்து எடுக்கும் அக்காமாரை அளந்தால் எண் கூடுதலாக வருகிறது. சுற்றில் பிழையா?

சுற்றில் பிழை இல்லாமலும் வரும். குளிரில் கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தோல் குளிரும், இம்பீடன்ஸ் ஏறும். மலையில் நனைந்துவிட்டு வந்தவரை உடனே படுக்கவைத்து அளந்தால் அதுதான் தெரியும். காலை முழுவதும் தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்ததும் சேரும். அத்தோடு காய்ப்புப் பிடித்த விரல்கள், வெடித்த குதிகால்கள். ஏறி நின்று அளக்கும் தராசு வகைக் கருவிகள் உள்ளங்காலை நம்புவதால் இங்கே சரிவராது. புறங்கையிலும் காலின் மேற்பக்கத்திலும் பசை மின்வாய் ஒட்டுவது நல்லது. வெடிப்பு, காயம், அட்டை கடித்த புண் உள்ள இடத்தைத் தவிருங்கள்.

கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும் நேரத்தில் அளக்காதீர்கள். விடியற்காலை, சாப்பிட முன், சலம் கழித்த பிறகு, போர்த்திக்கொண்டு 10 நிமிடம் படுத்திருந்தபின், கைகள் உடம்பில் படாமல், தொடைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல். அந்த நேரத்தில் ஒருவரை மலைக்குப் பிந்த வைத்தால் அவருடைய அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போய்விடலாம். லீவு நாளில் வரச் சொல்லுங்கள்.

யாரை அளக்கக் கூடாது? அனுமதி தேவையா?

இதய முடுக்கி வைத்தவர்களை ஒருபோதும் கூடாது. கர்ப்பிணிகளையும் விட்டுவிடுங்கள். மற்ற எவரிலும் அளந்து தரவு சேர்க்க நினைத்தால் பல்கலைக்கழகத்தின் அறநெறி மீளாய்வுக் குழுவிடம் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் டம்மி உடம்போடு நிறுத்திக்கொள்ளட்டும். அதிலேயே கற்க வேண்டியது எல்லாம் இருக்கிறது. கருவியை விற்கவோ வைத்தியசாலையில் பயன்படுத்தவோ நினைத்தால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் எல்லைக்குள் வருகிறீர்கள்.

சம்மதம் கேட்கும்போது துரையோ கங்காணியோ பக்கத்தில் நிற்கக் கூடாது. அவர்கள் நிற்கும்போது தோட்டத்தில் "வேண்டாம்" என்று சொல்வது எளிதல்ல.

கொழுப்பு வீதத்தைத் திரையில் காட்டலாமா?

காட்டாதீர்கள் என்பதே என் பதில். கருவி அளப்பது ஓமை. அதிலிருந்து உடல் நீருக்கும் கொழுப்புக்கும் போக, உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்த எண்ணும் நிறை, வயது, பால் ஆகியவையும் சேர்ந்த சமன்பாடு ஒன்று வேண்டும். 150 சென்ரிமீற்றர், 600 ஓம் என்றால் அந்த எண் 37.5. இதுவரை பிழை குறைவு. இதன் பிறகு வரும் குணகங்கள் வேறு நாட்டு மக்களை அளந்து பெறப்பட்டவை. தென்னாசிய உடம்பில் அதே உடல் நிறைச் சுட்டெண்ணுக்கு ஐரோப்பியரைவிடக் கொழுப்புக் கூட. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் வெளியான அறிக்கையில் ஆசியருக்கு 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் நடவடிக்கைப் புள்ளிகளாகப் பரிந்துரைத்தது. வேறு மக்களின் சமன்பாட்டில் நம் அக்கா ஒருவரின் ஓமைப் போட்டு "உங்களுக்குக் கொழுப்பு 31 வீதம்" என்று சொன்னால், அவர் அதை நம்பி ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துவிடுவார். தடை, அவத்தைக் கோணம், உயரம், நிறை, நேரம், அறையின் வெப்பநிலை ஆகியவற்றை மட்டும் பதிவு செய்யுங்கள். ஒரே ஆளின் எண்கள் மாதத்துக்கு மாதம் எப்படிப் போகின்றன என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது.

பாகங்களை எங்கே வாங்குவது?

தடையி, படலக் கொள்ளளவி, பற்றரி போன்றவை கண்டியிலேயே கிடைக்கும். 0.1 வீதத் தடையியும் நல்ல விரியலாக்கியும் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் விசாரித்துப் பார்த்து, இல்லாவிட்டால் ஒன்லைனில் எடுக்க வேண்டும். வாங்கிய ஒவ்வொரு கொள்ளளவியையும் மீற்றரில் அளந்து பாருங்கள். உடம்பைத் தொடும் கம்பிகளில் போடும் நான்கையும் பழைய போர்டிலிருந்து கழற்றி எடுக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். ஈ.சி.ஜி. மின்வாய்ப் பைக்கற்றில் திகதி பார்த்து வாங்கி, திறந்த பைக்கற்றை மடித்து ஒட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பசை காய்ந்த மின்வாயைத் தண்ணீர் தொட்டுத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.